போட்டுத் தாக்கு: லண்டனில் ஒரு பீட்டரின் வாக்குமூலம்

பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு. அசைன்மென்ட், பார்ட் டைம் வேலை, ரூம்ல சமையல் முறைன்னு மாத்தி மாத்தி ஆணி புடுங்கினதுல இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க முடியல.

இன்னிக்கு இங்கிலீஷைப் பத்தி எழுதப் போறேன். "ஆரம்பிச்சுட்டான்டா பீட்டரு"ன்னு ஓடிடாதீங்க. இது பீட்டர் விட்ட கதை இல்ல. பீட்டர் விட வந்த ஊர்ல மூக்குடைபட்ட கதை.

முதல்ல என் ரூம்மேட் கதை. பேர் வேண்டாம், மாப்ளன்னு வச்சுக்குவோம். ஈஸ்ட் ஹாம்ல ஒரே ரூம்ல இருக்கோம். ஐஈஎல்டிஎஸ்ல 7.5 வாங்கினவன். எங்க செட்டுலயே இங்கிலீஷ் அவனுக்குத்தான் நல்லா வரும். ஒரு சாண்ட்விச் கடையில நாலு மாசமா சாயங்கால ஷிஃப்ட் போயிட்டு இருந்தான். ஒரு வியாழக்கிழமை, கடையில கூட்டமே இல்ல. மேனேஜர் கூப்பிட்டு, தலையை லேசாச் சாய்ச்சுக்கிட்டு, ரொம்ப அன்பா, "ஐ'ம் அஃப்ரெய்ட் வீ'ல் ஹேவ் டு லெட் யூ கோ"ன்னு சொல்லியிருக்காரு.

நம்மாளு என்ன நினைச்சான்? கூட்டம் இல்ல, சீக்கிரம் வீட்டுக்குப் போகச் சொல்றாரு, எவ்ளோ நல்ல மனுஷன்! "தேங்க் யூ சோ மச், சீ யூ டுமாரோ"ன்னு வாயெல்லாம் பல்லாச் சொல்லிட்டு வந்துட்டான். மேனேஜர் ஒரு மாதிரி பார்த்தாராம். அன்னிக்கு ராத்திரி எங்களுக்கு முருங்கைக்காய் சாம்பார் வச்சுக் கொடுத்தான்.

மறுநாள் போனா அவன் ஏப்ரனைப் போட்டுக்கிட்டு வேற ஒருத்தர் நிக்கிறாரு. அப்பத்தான் புரிஞ்சிருக்கு. லெட் யூ கோன்னா வீட்டுக்குப் போன்னு அர்த்தம் இல்ல. வேலையை விட்டே போன்னு அர்த்தம்.

கேட்டதும் நானும் முதல்ல விழுந்து விழுந்து சிரிச்சேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனா அவன் சிரிக்கல. "ஒவ்வொரு வார்த்தையும் தெரியும்டா. லெட் தெரியும், யூ தெரியும், கோ தெரியும். எல்கேஜி வார்த்தைடா மூணும்"னான். அதுக்கப்புறம் எனக்கும் சிரிப்பு வரல. மாச வாடகைக்குப் பத்து நாள்தான் இருந்துச்சு.

அன்னிக்கு ஆரம்பிச்ச யோசனைதான் இந்தப் பதிவு.

தெரியாத வார்த்தை கடிக்காது, தெரிஞ்சதுதான் கடிக்கும்

தெரியாத வார்த்தை வந்தா நாம உஷாராயிடுவோம். அகராதியைப் புரட்டுவோம், இல்ல பக்கத்துல கேட்போம். எல்லாம் தெரிஞ்ச சின்ன வார்த்தையா வர்றப்பதான் தலையை ஆட்டிட்டு வந்துடுறோம். ஃப்ரேஸல் வெர்ப்னு சொல்ற கூட்டமே இப்படித்தான். ஒரு சின்ன வினை, பின்னாடி ஒரு வால். வால் மாறினா ஆளே மாறிடும்.

‘புட்’டை மட்டும் எடுத்துக்குவோம்:

1. புட் ஆஃப்: தள்ளிப்போடறது. ஆனா "ஐ வாஸ் புட் ஆஃப் பை த ஸ்மெல்"னா நாத்தத்துல எனக்கு வெறுத்துப்போச்சுன்னு அர்த்தம்.
2. புட் அவுட்: நெருப்பை அணைக்கிறது. "ஷீ வாஸ் புட் அவுட்"னா அவங்களை யாரும் அணைக்கல, அவங்க மனசு கோணிப்போச்சு.
3. புட் அப்: வீட்டுல தங்க வைக்கிறது. பின்னாடி ஒரு ‘வித்’ சேர்த்தா, சகிச்சுக்கிறது. விருந்தாளிக்கும் சகிப்புக்கும் நடுவுல ஒரு வார்த்தைதான் தூரம், பார்த்துக்குங்க :-)
4. புட் த்ரூ: போன்ல அடுத்த ஆளுக்கு இணைப்புக் கொடுக்கிறது.
5. புட் டவுன்: கீழ வைக்கிறது, மட்டம் தட்டறது. இன்னொரு அர்த்தமும் இருக்கு. அதை நான் கத்துக்கிட்ட விதம் கொஞ்சம் கேவலம்.

கூடப் படிக்கிற பொண்ணு ஒருத்தங்க ஒரு நாள் முகம் வாடி உட்கார்ந்திருந்தாங்க. என்னாச்சுன்னு கேட்டேன். "வீ ஹேட் டு புட் த டாக் டவுன்"னாங்க. மடியில இருந்த நாயை இறக்கி விட்டிருக்காங்கபோலன்னு நினைச்சு, "ஏன், ரொம்ப வெயிட்டா?"ன்னு கேட்டுட்டேன். வயசாகி, வலி தாங்காம இருந்த நாயை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் ஊசி போட்டு அனுப்பி வச்சிருக்காங்க. பதினாலு வருஷம் வளர்த்த நாய். அவங்க எழுந்து போனதுக்கப்புறம் வேற ஒருத்தர் எனக்கு விளக்கினாரு. மறுநாள் போய் மன்னிப்புக் கேட்டேன். அவங்க சிரிச்சுட்டாங்க. எனக்குத்தான் இன்னும் நெனச்சா காது சூடாகுது.

டாக்டர் ஜான்சன் வீட்டுல

ஃப்ளீட் ஸ்ட்ரீட்டுக்குப் பின்னாடி, சந்துக்குள்ள சந்தாப் போனா கஃப் ஸ்கொயர் வரும். அங்க 17-ம் நம்பர் வீடு சாமுவேல் ஜான்சன் குடியிருந்த வீடு, இப்போ மியூசியம். 1755-ல வெளிவந்த அவரோட அகராதி உருவானது அங்கதான். வாசலுக்கு எதிர்ல அவரோட பூனை ஹாட்ஜுக்கு ஒரு சிலை, 1997-ல வச்சது. அகராதி மேல உட்கார்ந்திருக்கும், பக்கத்துல சிப்பி ஓடு. பூனைக்குச் சிப்பி வாங்க ஜான்சன் தானே கடைக்குப் போவாராம்.

அந்த அகராதியோட முன்னுரையில ஜான்சன் ஒரு விஷயம் சொல்றாரு. வினைச்சொல்லுக்குப் பின்னாடி ஒரு சின்ன வார்த்தையை ஒட்டி அர்த்தத்தையே மாத்துற பழக்கம் இங்கிலீஷ்ல ரொம்ப அதிகம், வெளிநாட்டுக்காரங்க திணர்றது இதுலதான்னு. அதனால அதையெல்லாம் கவனமாச் சேர்த்திருக்கேன், இனிமே இது அவங்களுக்குத் தாண்ட முடியாத தடையா இருக்காதுன்னு நம்பிக்கையும் தெரிவிக்கிறாரு. ஐயா, ரெண்டரை நூற்றாண்டு தாண்டியாச்சு, நாங்க இன்னும் தடுக்கித்தான் விழறோம்!

ஆனா மனுஷன் சும்மா சொல்லல. ‘டேக்’ங்கிற ஒரே சொல்லுக்கு 134 பொருள் கொடுத்திருக்காரு. ‘புட்’டுக்கு மட்டும் மூணு பக்கம். இந்த ஐட்டத்துக்கு அப்போ ஒரு பேர்கூடக் கிடையாது. ஃப்ரேஸல் வெர்ப்ங்கிற பேரை 1925-ல லோகன் பியர்சல் ஸ்மித் தன்னோட புத்தகத்துல எழுதினாரு. ஆக்ஸ்ஃபோர்டு அகராதி ஆசிரியர்கள்ல ஒருத்தரான ஹென்றி பிராட்லி யோசனை சொன்ன பேராம் அது.

நாம பேசறது இங்கிலீஷோட செந்தமிழ்

சரி, பன்னெண்டு வருஷம் பள்ளிக்கூடம், நாலு வருஷம் காலேஜ், இத்தனை படிச்சும் நமக்கு ஏன் இது வரல?

1066-ல நார்மன்காரங்க இங்கிலாந்தைப் பிடிச்சாங்க. அரசவை, கோர்ட்டு எல்லாம் பிரெஞ்சு ஆச்சு. சர்ச்சுலயும் படிப்புலயும் லத்தீன் ஏற்கனவே இருந்துச்சு. வீட்டுலயும் வயல்லயும் பழைய இங்கிலீஷ் ஓடிச்சு. அதனால இன்னிக்கும் பல விஷயத்துக்கு ரெண்டு ரெண்டு வார்த்தை. பெரிய இடத்துக்கு போஸ்ட்போன், வீட்டுக்கு புட் ஆஃப். ரிப்போர்ட்ல எக்ஸ்டிங்க்விஷ், அடுப்படியில புட் அவுட். மேடையில டாலரேட், மாமியார்கிட்ட புட் அப் வித்.

நமக்கு வந்து சேர்ந்தது எது? ஆபீஸ் இங்கிலீஷ். 1835-ல மெக்காலே குறிப்பு எழுதின காலத்துலேர்ந்து கோப்பு, மனு, பரீட்சைன்னு எழுத்து வழியா வந்தது. அதுக்கப்புறம் ரென் அண்ட் மார்ட்டின். அதுல ஃப்ரேஸல் வெர்பே இல்லன்னு சொல்ல வரல. பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணினோம், யாரும் நம்மகிட்ட பேசிக் காட்டல.

பஸ்ல ஏறி கண்டக்டர்கிட்ட "ஐயா, தாம்பரம் செல்வதற்கு ஒரு பயணச்சீட்டு தர இயலுமா?"ன்னு ஒருத்தர் கேட்டா நமக்கு எப்படி இருக்கும்? தப்பு ஒண்ணும் இல்ல, ஆனா பஸ்ஸே திரும்பிப் பார்க்கும். இங்க நாம பேசற இங்கிலீஷ் அப்படித்தான் இருக்கு. "தி மீட்டிங் ஹேஸ் பீன் போஸ்ட்போன்ட்"னு நான் சொன்னா, பக்கத்துல இருக்கிறவர் "ஓ, இட்ஸ் புட் பேக்?"னு கேட்கிறாரு. பேக்ங்கிறாரே, பழைய தேதிக்கே போயிடுச்சோன்னு நான் முழிக்கிறேன்.

பூனைன்னதும் ஞாபகம் வருது. மழை பெய்ஞ்சா ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்னு சொல்லணும்னு நமக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தாங்கல்ல? ஜோனதன் ஸ்விஃப்ட் 1738-லயே எழுதிட்டாரு அதை. வந்த நாள்லேர்ந்து காது கொடுத்துக் கேட்டுட்டு இருக்கேன், ஒரு லண்டன்காரர்கூட என் முன்னாடி அப்படிச் சொல்லல. தூறினா "இட்ஸ் ஸ்பிட்டிங்", கொட்டினா "சக்கிங் இட் டவுன்". நான் நாயும் பூனையும்னு சொன்னப்ப ஒரு வயசான தாத்தா மட்டும் பாசமாச் சிரிச்சாரு.

நாமளாச் செஞ்சு வச்ச இங்கிலீஷும் இங்க வந்து காலை வாரும். "ஐ பாஸ்டு அவுட் ஃப்ரம் காலேஜ்"னு பெருமையாச் சொல்லிப் பாருங்க. காலேஜ்ல மயக்கம் போட்டு விழுந்துட்டியா, இப்போ பரவாயில்லையான்னு கேட்பாங்க. "வேர் ஆர் யூ புட் அப்?"னா நம்ம ஊர்ல எங்க தங்கியிருக்கீங்கன்னு அர்த்தம், இங்க புருவம் உயரும். இதெல்லாம் தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். டூ த நீட்ஃபுல்னு நாம கடிதத்துல எழுதறமே, அதுவும் ஒரு காலத்துல இவங்களே புழங்கினதுதான். இவங்க விட்டுட்டாங்க, நாம பத்திரமா வச்சிருக்கோம்.

இன்னொண்ணு, டூ யூ மைண்ட். லைப்ரரியில என் பக்கத்து நாற்காலியைக் காட்டி ஒரு பையன், "டூ யூ மைண்ட் இஃப் ஐ சிட் ஹியர்?"னு கேட்டான். நானும் விருந்தோம்பலோட "யெஸ், யெஸ்!"னேன். அவன் "சாரி"ன்னு சொல்லிட்டுப் போயே போயிட்டான். உட்கார்ந்தா உனக்குத் தொந்தரவான்னு கேட்டிருக்கான், ஆமா ஆமான்னு சொல்லி விரட்டியிருக்கேன். திருவள்ளுவரே, மன்னிச்சுக்குங்க! (இங்க சோவாஸ் கல்லூரி வளாகத்துல 1996-லேர்ந்து வள்ளுவர் சிலை இருக்கு. அந்தப் பக்கம் போறப்பல்லாம் விருந்தோம்பல் அதிகாரம் ஞாபகம் வந்து தலை குனிஞ்சுதான் போறேன்.)

நம்ம ஊரு ‘போடு’

இதையெல்லாம் மாப்ளகிட்ட சொல்லிட்டு இருந்தப்ப, அவன் கடுப்பாகி, "என்ன பாஷைடா இது, ஒரு புட்டை வச்சுக்கிட்டு உயிரை எடுக்கிறாங்க. ஒழுங்கா ஒரு விஷயத்துக்கு ஒரு வார்த்தை வைக்க மாட்டாங்களா"ன்னான்.

அப்பத்தான் பொறி தட்டுச்சு. தமிழ்ல புட்னா என்ன? போடு. நாம போடாத போடா?

- போட்டுக் கொடு: எதைப் போட்டோம், எதைக் கொடுத்தோம்? மேலிடத்துல ஒருத்தனைப் பத்தி வத்தி வச்சோம்.
- போட்டு உடை: பானை எதுவும் உடையல, ரகசியம்தான் வெளிய வந்துச்சு.
- போட்டு வாங்கு: தெரிஞ்ச மாதிரி பேசி, எதிராளி வாயிலேர்ந்தே உண்மையைக் கறக்கிறது.
- போட்டுத் தள்ளு: வேண்டாம், போலீஸ் கேஸ்.
- தள்ளிப்போடு: இது அப்படியே புட் ஆஃப்தான். தள்ளின்னா ஆஃப், போடுன்னா புட். ரெண்டு பாஷையும் பேசி வச்சுக்கிட்ட மாதிரி இருக்கு!

இதோட நிக்கல. ஈட் அப்னா வெறும் சாப்பிடு இல்ல, மிச்சம் வைக்காம சாப்பிட்டுடு. யூஸ் அப்னா தீர்த்துடு. அவங்க ‘அப்’ போடற இடத்துல நாம ‘விடு’ போடறோம். ட்ரை அவுட்னா செஞ்சு பாரு. இங்க ‘பாரு’க்கும் கண்ணுக்கும் சம்பந்தமே இல்ல, ‘கேட்டுப் பாரு’ன்னுகூடச் சொல்றோம்!

நம்மகிட்ட இன்னும் ஒரு படி மேல. வந்து தொலை, எழுதித் தள்ளு, படிச்சுக் கிழிச்ச, சொல்லி வை. ஒரு வாலை ஒட்டினதும் பேசறவனோட எரிச்சல், கிண்டல், முன்யோசனை எல்லாம் வந்துடுது. ஹெரால்டு ஷிஃப்மேன்னு ஒரு அமெரிக்கப் பேராசிரியர், பேச்சுத் தமிழுக்கே தனியா ஒரு இலக்கணப் புத்தகம் எழுதி, 1999-ல கேம்பிரிட்ஜ் வெளியிட்டுச்சு. அதுல இந்த விடு, தள்ளு, தொலை வகையறாவுக்குன்னு நிறைய இடம் ஒதுக்கியிருக்காரு. தமிழ் படிக்க வர்ற வெள்ளைக்காரப் பசங்க "வந்து தொலை"யில எதைத் தொலைக்கணும்னு தேடிட்டு இருப்பாங்க, பாவம்.

நம்ம பேச்சைப் புரிஞ்சுக்க அவங்களும் கொஞ்சநஞ்சம் படல. 1886-ல லண்டன்ல ஹாப்சன்-ஜாப்சன்னு ஒரு தடிமனான அகராதி வந்துச்சு. இந்தியாவுல இருந்த வெள்ளைக்காரங்க பேச்சுல கலந்த நம்ம ஊர் வார்த்தைகளை விளக்கறதுக்குன்னே எழுதினது. கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணி எல்லாம் அதுல உண்டு. எழுதின ரெண்டு பேர்ல ஒருத்தர், ஏ.சி. பர்னல், நம்ம தஞ்சாவூர்ல நீதிபதியா இருந்தவர். அந்தப் பேரே ஒரு தப்பான காதுதான். மொகரம் ஊர்வலத்துல "யா ஹசன்! யா ஹுசைன்!"னு மாரடிச்சு அழறது பிரிட்டிஷ் சிப்பாய்ங்க காதுல ஹாப்சன்-ஜாப்சன்னு விழுந்திருக்கு. நம்ம மாப்ள காது எவ்வளவோ தேவலை.

வெள்ளைக்காரங்களை விடுங்க. எங்க கீழ் வீட்டுல யாழ்ப்பாணத்து அன்ரி ஒருத்தங்க இருக்காங்க. வந்த புதுசுல ஒரு நாள் கதவைத் தட்டி, "தம்பி, கோயிலுக்கு வாறீங்கள் எண்டனீங்கள், வெளிக்கிட்டாச்சோ?"ன்னு கேட்டாங்க. எனக்கு ஒரு நிமிஷம் பகீர்னுச்சு. இதையெல்லாமா வந்து கேட்பாங்க! அப்புறம்தான் தெரிஞ்சுது, வெளிக்கிடறதுன்னா கிளம்பறது, உடுத்திப் புறப்படறது. வெளி தெரியும், இடு தெரியும். ரெண்டும் தமிழ். நானும் தமிழ். அப்பவும் விழுந்தேன்.

அதனால மாப்ளகிட்ட சொன்னேன், பாஷை தெரியாததால நீ ஏமாறல மச்சி. சொந்த பாஷையிலயே இப்படித்தான். இதுக்கெல்லாம் கூடவே இருந்து பேசிப் பழகணும், வேற வழி இல்ல.

வலிக்கிற இடத்துலதான் வால் ஒட்டுவாங்க

யோசிச்சுப் பார்த்ததுல இன்னொண்ணும் புரிஞ்சுது. லெட் கோ, புட் டவுன், பாஸ் அவே. நேராச் சொன்னா வலிக்கிற விஷயத்தைத்தான் இப்படிச் சின்னச் சின்ன வார்த்தையில பொதிஞ்சு கொடுக்கிறாங்க. நாமளும் அதானே? செத்துட்டார்னு சொல்றதில்ல, தவறிட்டார், போயிட்டார். வீட்டை விட்டுக் கிளம்பறப்போ போறேன்னு சொன்னா அம்மா திட்டுவாங்க, போயிட்டு வர்றேன்னுதான் சொல்லணும். கேட்கிறவங்க மனசு நோகக் கூடாதுன்னு செஞ்ச ஏற்பாடு. ஆனா வெளியூர்க்காரனுக்கு அந்தப் பஞ்சுப் பொதிதான் தெரியும், உள்ள இருக்கிற கல்லு தெரியாது. மேனேஜர் அன்பாத்தான் சொன்னாரு. அந்த அன்புதான் மாப்ளயைக் கவுத்துடுச்சு.

கதையை முடிக்கணும்ல. காலேஜ்ல மாணவர் ஆலோசனை மையம் ஒண்ணு இருக்கு. அங்க போகலாம்டான்னா மாப்ள வர மாட்டேன்னுட்டான். "7.5 வாங்கிட்டு, வேலையை விட்டுத் தூக்கினதே புரியலன்னு எப்படிடா சொல்றது?" வெட்கம். ரெண்டு நாள் கழிச்சுத் தரதரன்னு இழுத்துட்டுப் போனேன். அங்க இருந்த அம்மா சிரிக்கவே இல்ல. எத்தனை மாசம் வேலை பார்த்தேன்னு கேட்டாங்க. நாலுன்னான். 1996-ம் வருஷ வேலைவாய்ப்பு உரிமைச் சட்டப்படி, ஒரு மாசம் தாண்டி வேலை பார்த்தவங்களை நிறுத்தணும்னா குறைஞ்சது ஒரு வார நோட்டீஸ் கொடுக்கணும், இல்ல அந்த வாரச் சம்பளத்தைக் கொடுக்கணும்னு சொன்னாங்க. (பெரிசா ஏதாவது தப்பு பண்ணி வேலை போனா அது வேற கதை.) எடுக்காத லீவுக்கும் காசு உண்டாம். ஒரு கடிதம் எழுத உதவி பண்ணினாங்க. கடைக்காரங்க மறுபேச்சு இல்லாம ரெண்டுக்கும் பணம் போட்டுட்டாங்க. அந்த மாச வாடகை தப்பிச்சுது.

கிளம்பறப்போ அந்த அம்மா, "கம் பேக் இஃப் எனிதிங் கம்ஸ் அப்"னாங்க. மாப்ள ஒரு நொடி நின்னான். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். "சாரி, வாட் டஸ் தட் மீன்?"னு கேட்டான். நாலு மாசத்துல அவன் வாயிலேர்ந்து அந்தக் கேள்வியை நான் கேட்டதே இல்ல. அவங்க பொறுமையா, ஏதாவது பிரச்சினை வந்தா திரும்ப வான்னு அர்த்தம்னு சொன்னாங்க. அவ்வளவுதான், வானம் இடிஞ்சு விழல.

புதுசா இந்த ஊருக்கு வர்ற தம்பி தங்கச்சிகளுக்கு நான் சொல்றது இதுதான். ஃப்ரேஸல் வெர்ப் பட்டியலை மனப்பாடம் பண்ணாதீங்க, முடியாது. எல்லா வார்த்தையும் தெரிஞ்சு மொத்தமாப் புரியாத மாதிரி இருந்தா, குறிப்பா எதிராளி தலையைச் சாய்ச்சுக்கிட்டு அன்பாப் பேசினா, தலையை ஆட்டாதீங்க. கேட்டுடுங்க. கேட்டுத் தொலைங்க :-)

மாப்ளக்கு இப்போ ஒரு புத்தகக் கடையில வேலை. சேர்ந்த முதல் நாள் மேனேஜர் "யூ கேன் கோ நவ்"னு சொன்னதும், "டுடே ஆர் ஃபாரெவர்?"னு கேட்டானாம். இன்னிவரைக்கும் அந்தக் கடையில அதைச் சொல்லித்தான் அவனை ஓட்டறாங்களாம்.

நீங்க விழுந்த குழி எது? பின்னூட்டத்துல போட்டு உடைங்க மக்களே. அப்ப நான் வர்ட்டா?

டிஸ்கி: பதிவைப் போடறதுக்கு முன்னாடி மாப்ளகிட்ட படிச்சுக் காட்டி அனுமதி வாங்கியாச்சு. சாம்பார் மேட்டரை மட்டும் எடுக்கச் சொன்னான். எடுக்கல.